ஸ்கார்பரோ மீன் கூட்டம்

2012 ஏப்ரலில் ஒரு ராத்திரி. அப்போது ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் மேசையில் இருந்தேன். பக்கம் முடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது தென்சீனக் கடலிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. எட்டு சீன மீன்பிடிப் படகுகள், அவற்றைச் சோதிக்கப் போன பிலிப்பைன்ஸ் போர்க்கப்பல், படகுகளில் கிடைத்த ராட்சதச் சிப்பிகள், பவளம், உயிருள்ள சுறாக்கள், அப்புறம் அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை. இடத்தின் பெயர் ஸ்கார்பரோ ஷோல்.

ஷோல் என்றால் மீன் கூட்டம். பள்ளிக்கூடத்தில் கூட்டப் பெயர்ப் பட்டியலில் மனப்பாடம் செய்தது. யானைக்கு ஹெர்ட், தேனீக்கு ஸ்வார்ம், மீனுக்கு ஷோல். செய்தியில் மீனவர்கள் இருக்கிறார்கள், சுறா இருக்கிறது, சிப்பி இருக்கிறது. சந்தேகப்பட என்ன இருக்கிறது? ‘ஸ்கார்பரோ மீன் கூட்டத்துக்கு உரிமை கொண்டாடும் இரு நாடுகள்’ என்று தலைப்பு வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு போன். கடலோர ஊர்க்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“தம்பி, அது என்ன மீனு?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே விளக்கினார். “மீன் கூட்டம் ஒரே எடத்துல நிக்குமா? இன்னைக்கு இங்க கெடக்கும், நாளைக்கு எங்க போவும்னு அதுக்கே தெரியாது. அதுக்கு எப்படி ரெண்டு நாட்டுக்காரன் பட்டா கேப்பான்?”

ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு அகராதியைப் புரட்டினேன். இரண்டாவது பொருள் கண்ணில் பட்டதும் காது சூடாகிவிட்டது. “ஐயா, தப்பு எங்களுடையதுதான். அது மீன் இல்லை, இடம். கடலில் ஆழம் குறைந்த இடம்” என்றேன். அவர் விடவில்லை. “ஆழங்கொறஞ்ச எடம்னா? திட்டா, பாரா?”

எனக்கு வித்தியாசம் தெரியாது. “திட்டுதான்” என்று அழுத்தமாகச் சொன்னேன். அடுத்த நாள் திருத்தமும் அப்படியே வந்தது: ஸ்கார்பரோ மணல் திட்டு. அதுவும் தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

முதலில் அகராதி விஷயத்தை முடித்துவிடுகிறேன். பெரிய ஆங்கில அகராதிகளில் ஷோலுக்கு ஒரே தலைச்சொல்லின் கீழ் இரண்டு பொருள் இருக்காது. எண் போட்டுத் தனித்தனியாக இரண்டு சொற்களாகவே கொடுத்திருப்பார்கள். எழுத்தும் ஒலிப்பும் ஒன்று, பிறப்பு வேறு. ஆழமற்ற நீரைக் குறிக்கும் ஷோல், பழைய ஆங்கிலத்தில் ‘ஷால்ட்’ போல ஒலித்த ஒரு பெயரடையிலிருந்து வந்தது. நாளாவட்டத்தில் கடைசி ‘ட்’ உதிர்ந்துபோயிற்று. ஆழமில்லாததை இன்று ஆங்கிலத்தில் ஷாலோ என்கிறோமே, அது இதன் உடன்பிறப்பு. மீன் கூட்டத்து ஷோல் எழுத்தில் தென்படுவது 16ஆம் நூற்றாண்டில்தான். டச்சுக் கடலோடிகளிடமிருந்து வந்தது என்று ஒரு கட்சி, படை அல்லது கும்பல் என்ற பொருளில் இருந்த பழைய ஆங்கிலச் சொல்லே திரும்பி வந்தது என்று இன்னொரு கட்சி. வேர் எதுவானாலும் ஆழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆழம் குறைந்த இடத்தில் மீன் கூடும், அதனால்தான் ஒரே சொல் என்று ஒரு நண்பர் எனக்கு வகுப்பு எடுத்தார். கேட்க அழகாக இருந்தது. அகராதி ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த டச்சுச் சொல் அதற்கு முன்பே ஒரு முறை ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறது, ஸ்கூல் என்ற உருவத்தில். ஆங்கிலத்தில் மீன் கூட்டத்துக்கு ஸ்கூல் என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் படிக்கும் ஸ்கூலுக்கும் இதற்கும் உறவு கிடையாது. அது கிரேக்கத்தில் ஓய்வு என்ற பொருளில் இருந்த ஸ்கோலேயிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. ஓய்வைக் குறித்த சொல் பாடசாலையானதைப் படித்தபோது நம் பள்ளி நினைவுக்கு வந்தது. பள்ளி என்றால் படுக்கும் இடம். பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள் எல்லாம் அந்தப் பொருளில்தான். சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் பள்ளிகளாகி, அங்கேயே பாடமும் நடந்ததால் பெயர் பாடசாலைக்கு ஒட்டிக்கொண்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வகுப்பில் தூங்கியதற்காக வெளியே நிறுத்தப்பட்டவன் என்ற முறையில் இரண்டு மொழிகளுக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஷோலும் ஸ்கூலும் ஷேக்ஸ்பியரையே குழப்பியிருக்கின்றன. மெக்பெத்தில் காலத்தைப் பற்றிய ஒரு வரி வரும். 1623இல் அச்சான முதல் தொகுப்பில் அந்த இடத்தில் இருப்பது ஸ்கூல் என்ற எழுத்துக்கூட்டு. 18ஆம் நூற்றாண்டில் லூயிஸ் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர் அதை ஷோல் என்று திருத்தினார், கடலின் நடுவே கால் பாவும் மேடு என்ற பொருளில். இன்று பெரும்பாலான பதிப்புகளில் இருப்பது அவருடைய திருத்தம்தான். அவருக்கு யாரும் போன் செய்து என்ன மீன் என்று கேட்கவில்லை.

சரி, கடலுக்கு வருவோம். மாலுமிகளின் பேச்சில் ஷோல், பேங்க், ரீஃப் மூன்றுக்கும் வேறுபாடு உண்டு. பேங்க் என்றால் சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த கடலடி மேடு, ஆனால் கப்பல் சாதாரணமாகக் கடந்துபோகலாம். ஷோல் என்றால் மணலோ சேறோ சரளையோ குவிந்து, கப்பல் தரைதட்டும் அளவுக்கு மேலே வந்துவிட்ட இடம். ரீஃப் என்றால் பாறை அல்லது பவளம். கடல் வரைபடம் தயாரிப்பவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஓரிடத்தில் நூறு ஆழ அளவுகள் கிடைத்து, வரைபடத்தில் ஒன்றுக்குத்தான் இடமென்றால் சராசரியைப் போட மாட்டார்கள். இருப்பதிலேயே குறைந்த ஆழத்தைப் போடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஷோல் சார்பு’. சராசரியை நம்பிப் போகும் கப்பல்தான் தட்டும்.

ஆனால் பெயர் வைத்தவர்கள் இந்த வரையறைகளைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் வைக்கவில்லை. ஸ்கார்பரோ ஷோல் மணலே கிடையாது. பிலிப்பைன்ஸின் லூசான் தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தள்ளி, முக்கோண வடிவில் கிடக்கும் பவளப் பார். அதன் சுற்றளவு 46 கிலோமீட்டர். கடல் ஏறியிருக்கும்போது சில பாறைகளின் தலை மட்டும் வெளியே தெரியும். 1784இல் ஸ்கார்பரோ என்ற ஆங்கிலத் தேயிலைக் கப்பல் அங்கே முட்டிக்கொண்டதால் அந்தப் பெயர். ஸ்பானியர்கள் பாஹோ தே மாசின்லோக் என்றார்கள். பாஹோ என்றால் தாழ்வு, ஆழமற்றது. சீனர்கள் இப்போது ஹுவாங்யான் தாவ் என்கிறார்கள். தாவ் என்றால் தீவு. ஆங்கிலப் பெயரில் மணல், ஸ்பானியப் பெயரில் ஆழமின்மை, சீனப் பெயரில் நிலம். உரிமை கேட்பவர் எதைப் பெயரில் வைத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள்.

இந்தப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் 1935ஆம் வருடக் கதை கிடைத்தது. என் தலைப்பை நினைத்து வெட்கப்படுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

சீன அரசு அப்போது நில, நீர் வரைபடங்களைச் சரிபார்க்க ஒரு குழு வைத்திருந்தது. அந்தக் குழு தென்சீனக் கடலின் தீவுகள், பாறைகள், மேடுகள் என்று 132 பெயர்களைக் கொண்ட பட்டியலை வெளியிட்டது. பெரும்பாலானவை ஆங்கில வரைபடங்களிலிருந்து எடுத்தவை, சிலவற்றை ஒலிபெயர்த்து, சிலவற்றை மொழிபெயர்த்து. போர்னியோவின் சரவாக் கரைக்கு 80 கிலோமீட்டர் வடக்கே ஜேம்ஸ் ஷோல் என்று ஒன்று உண்டு. ஜேம்ஸை ‘செங்மு’ என்று ஒலிபெயர்த்தார்கள். ஷோலுக்கு ‘தான்’ என்று போட்டார்கள். தான் என்றால் கடற்கரை மணலும் ஆகும், மணல் மேடும் ஆகும், நீருக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். படிப்பவர் மனத்தில் என்ன படம் விரியும்? அடுத்த வருடமே பாய் மெய்ச்சு என்ற புவியியல் பேராசிரியர் ஒரு தேசப்பட நூலை வரைந்தார். அதில் அந்த இடத்தைத் தீவாக்கி, அதையும் உள்ளே வளைத்துச் சீனாவின் எல்லை என்று ஒரு கோடு போட்டார். பிற்பாடு அரசாங்க வரைபடத்திலேயே கோடு ஏறிவிட்டது. 1947இல் பெயரை ‘செங்மு ஆன்ஷா’ என்று மாற்றினார்கள். ஆன்ஷா என்றால் மறைந்திருக்கும் மணல். பெயர் திருந்தியது, கோடு அங்கேயே நின்றது. இன்றும் சீனாவின் தென்கோடி எல்லை என்று அங்கே சொல்லிக்கொடுப்பது இந்த இடத்தைத்தான்.

அங்கே நிலமே இல்லை. மேட்டின் உச்சிக்கு மேலே 22 மீட்டர் தண்ணீர் நிற்கிறது. சீனப் பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர்.

மொழிபெயர்ப்பில் நேர்ந்த சறுக்கல்தான் எல்லைக் கோரிக்கையாக வளர்ந்தது என்ற வாதத்தை விரிவாக எழுதியவர் பில் ஹேடன் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர். சீனத் தரப்பு இதை ஏற்பதில்லை. எனக்கென்னவோ ஹேடன் சொல்வது நம்பும்படியாகவே இருக்கிறது, அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். ராத்திரி பத்து மணிக்குப் பக்கம் முடிக்கிற அவசரத்தில் இருக்கும் ஒருவனுக்கு ஷோல் என்ற சொல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குழுவில் யாரோ ஒருவர் என்னைப்போலவே டீ குடிக்கப் போயிருக்கிறார்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நான் போட்ட ‘மணல் திட்டு’ என்ற திருத்தம் அவர்கள் போட்ட ‘தான்’ என்ற சொல்லைவிட எந்த விதத்தில் மேல்? திட்டு என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது தண்ணீருக்கு மேலே தெரியும் மேடு. கால் வைக்கலாம், நிற்கலாம். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் வரை கிடக்கும் மணல் திட்டுகள் அப்படித்தான். ஈழத்தில் தீடை என்பார்கள். ராமர் பாலம் அல்லது ஆதாம் பாலம் என்று அழைக்கப்படும் அந்தத் தொடரை ஆங்கிலக் கலைக்களஞ்சியங்கள் ஷோல்களின் சங்கிலி என்கின்றன. ஆனால் 2022இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது தப்பி வந்த குடும்பங்களைப் படகுக்காரர்கள் நான்காம் திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள் என்று செய்தி வந்தது நினைவிருக்கும். கைக்குழந்தையோடு அங்கே உட்கார்ந்திருந்தார்கள், கடலோரக் காவல்படை போய்க் கூட்டிவந்தது. ஆள் இறங்கி உட்கார முடிந்தது, அதனால் அது திட்டு. ஷோல் என்பதில் அந்த உத்தரவாதம் கிடையாது. பெரும்பாலும் அது தண்ணீருக்குக் கீழே கிடக்கும்.

நீருக்கடியில் கிடக்கும் பாறைக்கும் பவளத்துக்கும் மன்னார் வளைகுடாவில் சொல் தயாராக இருக்கிறது: பார். முத்துச் சிப்பி விளையும் இடம் முத்துப்பார். தூத்துக்குடிக்கு எதிரே தொள்ளாயிரம் பார், மன்னார்ப் பக்கம் பெரிய பார். ஆங்கிலேயர்கள் இவற்றைப் பேர்ல் பேங்க் என்று எழுதினார்கள், கூடவே பார் என்ற சொல்லும் அப்படியே தொற்றிக்கொண்டது. ஸ்கார்பரோ ஒரு பவளப் பார். போனில் பேசிய அந்த மனிதர் திட்டா பாரா என்று கேட்டபோது சரியான சொல்லை என் கையில் கொடுத்திருக்கிறார். நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். தென்சீனக் கடல் பற்றிப் பிலிப்பைன்ஸ் சீனாவுக்கு எதிராகக் கொண்டுபோன வழக்கில் 2016 ஜூலை 12இல் வந்த சர்வதேச நடுவர் மன்றத் தீர்ப்பின் பெரும்பகுதி, கடல் ஏறும்போது எந்தெந்த இடத்தின் தலை வெளியே தெரிகிறது என்பதைப் பற்றியது. தலை தெரிந்தால் ஒரு சட்டம், தெரியாவிட்டால் வேறு சட்டம். ஸ்கார்பரோவில் பாறைகள் தெரிவதால் அதைச் சுற்றி 12 கடல் மைல் வரை உரிமை உண்டு, அதற்கு மேல் கடல் வளத்துக்குத் தனி உரிமை தரும் பொருளாதார மண்டலம் கிடையாது என்றது தீர்ப்பு. பரம்பரையாக அங்கே மீன் பிடித்துவரும் இரு நாட்டு மீனவர்களுக்கும் அந்த உரிமை இருக்கிறது என்றும் சொன்னது. செகண்ட் தாமஸ் ஷோல் என்ற இன்னோர் இடம், கடல் வடியும்போது மட்டும் தலைகாட்டுவது. அங்கே பிலிப்பைன்ஸ் கடற்படை 1999இல் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கப்பல் ஒன்றை வேண்டுமென்றே கொண்டுபோய்த் தரைதட்ட வைத்தது. பெயர் சியரா மாத்ரே. துருப்பிடித்து ஓட்டை விழுந்த அந்தக் கப்பலில் இன்னமும் ஒரு சிறு படைப்பிரிவு இருக்கிறது. மற்ற மாலுமிகள் எல்லாம் எதிலிருந்து தப்பிக்கப் படாத பாடு படுகிறார்களோ, அதை அவர்கள் வேலையாகச் செய்தார்கள். பிலிப்பைன்ஸில் அந்த ஷோலின் பெயர் அயுங்கின். அயுங்கின் என்பது அந்த நாட்டு ஏரிகளில் கிடைக்கும் ஒரு மீனின் பெயரும்கூட. என் தலைப்பு இந்த ஷோலுக்கு வந்திருந்தால் ஓரளவு சமாளித்திருப்பேன்.

ஆங்கிலத்தில் ஷோல் வினைச்சொல்லாகவும் வரும். கடலடி மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தால் ‘கடல் ஷோல் ஆகிறது’ என்பார்கள். அலைகளைப் பற்றிப் பேசும்போது இதற்கு ஒரு கனமான பொருள் உண்டு. ஆழத்திலிருந்து ஆழமற்ற நீருக்கு வரும் அலை வேகம் குறைந்து உயரம் கூடுவதை ஷோலிங் என்கிறார்கள். சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், 10 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் 36 கிலோமீட்டர்தான். முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வருவது அதன் மேல் ஏற, அலை எழும்புகிறது. 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து வங்கக் கடலுக்கு மேலே போன ஜேசன்-1 செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். அன்று ஆழ்கடலில் தொழிலுக்குப் போயிருந்தவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை, கரைக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது என்று நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாடப்புத்தகத்தில் ஷோலிங் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தக் காலை நேரம்தான் நினைவுக்கு வருகிறது.

பன்மையில் போட்டால் இந்தச் சொல் இன்னும் விஷமம் செய்யும். ‘ஷோல்களாகக் கடிதங்கள்’ வந்தன என்றால் மூட்டை மூட்டையாக வந்தன என்று பொருள், அது மீன் பக்கத்து ஷோல். ஒரு பேச்சுவார்த்தை ‘ஷோல்களுக்கு நடுவே’ போகிறது என்றால் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள், அது மணல் பக்கத்து ஷோல். கூடவே நீலகிரியின் ஷோலாக் காடுகள் என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது நம் சோலை, ஆங்கிலத்துக்குப் போய்த் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இப்போது மீன். மீன் நடத்தையை ஆராய்பவர்கள் ஷோலையும் ஸ்கூலையும் பிரித்தே பேசுகிறார்கள். மீன்கள் ஒன்றையொன்று நாடிச் சேர்ந்திருந்தால் அது ஷோல். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, மேய்ந்துகொண்டு இருக்கலாம். எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஓர் உடல்போல நீந்தினால் ஸ்கூல். நம் ஊர்த் திருவிழாக் கூட்டம் ஷோல், குடியரசு தின அணிவகுப்பு ஸ்கூல் என்று வைத்துக்கொள்ளலாம். சுறா வந்தால் திருவிழா ஒரு நொடியில் அணிவகுப்பாகும். எப்படி முட்டிக்கொள்ளாமல் திரும்புகின்றன? கண் மட்டும் காரணமில்லை. 1976இல் டோனி பிட்சரும் அவருடைய கூட்டாளிகளும் காட் குடும்பத்தைச் சேர்ந்த சேய்த் மீன்களின் கண்களைத் தற்காலிகமாக மூடிவிட்டுப் பார்த்தார்கள். கண் தெரியாத மீன் கூட்டத்தோடு சரியாகவே நீந்தியது. விலாவில் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு பக்கத்து மீன் கிளப்பும் நீரசைவை உணர்த்திவிடுகிறது.

இரண்டு ஷோலும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் ஜார்ஜஸ் பேங்க். பெயர் பேங்க் என்றாலும் நடுவே சில இடங்கள் சுத்தமான ஷோல்கள், பழைய மீன்பிடிக் கப்பல்கள் பலவற்றைக் காவு வாங்கியவை. மத்தியின் உறவுக்காரனான ஹெர்ரிங் இலையுதிர் காலத்தில் இங்கேதான் முட்டையிடும். 2006இல் நிக்கலஸ் மாக்ரிஸ் தலைமையிலான குழு, ஒலி அலைகளை அனுப்பிப் பத்துக் கிலோமீட்டர் கணக்கான பரப்பை ஒரே வீச்சில் படம் பிடித்தது. பகலில் ஹெர்ரிங்குகள் கடலடியை ஒட்டிச் சிதறிக் கிடந்தன. அந்தி நெருங்கியபோது ஓரிடத்தில் கொஞ்சம் நெருங்கின. சதுர மீட்டருக்கு 0.2 மீன் என்ற அடர்த்தியைத் தொட்டதும் தொடர்வினைபோலப் பரவி, பல கிலோமீட்டர் நீளத்துக்கு 25 கோடி மீன் வரை கொண்ட கூட்டமாகிவிட்டது. அதன் பிறகு எல்லாம் சேர்ந்து ஆழம் குறைந்த முட்டையிடும் தளத்தை நோக்கி நகர்ந்தன.

போன வருடம் இந்த ஆய்வைப் பற்றிய ஒரு சிறு கட்டுரை எனக்கு மொழிபெயர்ப்புக்கு வந்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு ஷோல், நடுவே நான்கு சொற்கள்தான் இடைவெளி. முதலாவதில் சிக்கல் இல்லை, கூட்டம். இரண்டாவதற்குப் பார் என்று போடக் கை பரபரத்தது. கடலடி என்ன தரை என்று முதலில் பார்த்துவிடுவோம் என்று வரைபடத்தைத் திறந்தேன். மணலும் சரளையும். தலை தெரியுமா? தெரியாது. அப்போது திட்டும் கிடையாது, பாரும் கிடையாது.

‘அந்தி சாய்ந்ததும் ஹெர்ரிங் கூட்டம் கடலடி மேட்டை நோக்கி நகர்ந்தது’ என்று எழுதி அனுப்பினேன். இதுவரை போன் எதுவும் வரவில்லை.